சேர்ந்த படிப்பைச் சந்தேகிக்கலாகாது என்பார்க்கு

காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளிலிருந்து சின்ன காஞ்சிபுரத்துச் சந்நிதி வீதித் திண்ணைகள் வரையில், சாதியாலும் சம்பிரதாயத்தாலும் பிழைப்பாலும் வேறு எதிலுமே ஒத்துப்போகாத பெரியவர்கள் எல்லோரும் ஒத்துப்போகிற அபிப்பிராயம் ஒன்று உண்டு. கல்லூரியில் ஒரு பாடத்தில் சேர்ந்துவிட்ட பிள்ளை, அந்தப் பாடம் தனக்கு ஏற்றதுதானா, அது கொண்டுபோய் விடப்போகிற உத்தியோகத்தில் தன்னால் ஆயுசு முழுவதும் இருக்க முடியுமா என்று நடுவழியில் யோசிக்கத் தொடங்குவது மனோபலவீனம். யோசிக்க வேண்டியதெல்லாம் சேருவதற்கு முன்னால். சேர்ந்த பிற்பாடு படிக்க வேண்டுமே தவிர யோசிக்கலாகாது என்பது அது. இதற்கு அவர்கள் காட்டும் திருஷ்டாந்தமும் ஊருக்கேற்றதாகவே இருக்கிறது. தறியில் பாவு ஏற்றியாகிவிட்டது, இனி நெய்து இறக்க வேண்டியதுதான், பாதியில் பாவை அறுத்துப் போட்டுவிட்டு வேறு பாவு தேடுகிறவன் நெசவாளியா என்று கேட்கிறார்கள். கேட்டவுடன் வாயை அடைத்துவிடும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமலே எத்தனையோ இளைஞர்கள் மூன்றாண்டையும் நான்காண்டையும் கழித்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்லியிருக்க வேண்டிய பதிலை அவர்கள் சார்பில் சொல்ல எனக்கு உத்தேசம்.

முதலில் அந்தத் திருஷ்டாந்தத்தையே எடுத்துக்கொள்வோம். தறியைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் அதன் வாக்குமூலத்தை முழுவதும் கேட்கவில்லை என்பது என் கட்சி. காஞ்சிப் பட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கோர்வை வேலையில், உடலுக்கு ஒரு நிறமும் கரைகளுக்கு வேறொரு நிறமுமாக மூன்று நாடாக்கள் ஓட, நெசவாளி ஒரு பக்கமும் துணைக்கு அமர்ந்தவர் மறுபக்கமுமாக, ஒவ்வோர் ஊடைக்கும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டனவா என்று பார்த்துப் பார்த்துத்தான் வேலை நகர்கிறது. பாவில் ஓர் இழை அறுந்தால் தறி நிற்கும். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து, விழுதிலும் அச்சிலும் முறைப்படி மறுபடி கோத்து முடிந்த பிறகுதான் மிதி அசையும். அறுந்தது தெரிந்தும் நிற்காமல் நெய்துகொண்டு போகிறவனைத் திடசித்தன் என்று இந்த ஊரில் எவரும் புகழ்ந்ததில்லை. சேலை நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும் நாளில் குறை கண்டு கூலியில் பிடிப்பார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும். பாவை அறுத்தெறியச் சொல்வது என் வாதமன்று. நின்று பார்ப்பதையும் அறுத்தெறிவதையும் ஒன்றாகக் குழப்பி, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் தடைசெய்கிறீர்களே, அதைத்தான் மறுக்கிறேன். ஏனெனில் சந்தேகிக்கத் தடை விதிக்கப்பட்ட பிள்ளை சந்தேகிக்காமல் இருந்துவிடுவதில்லை, சொல்லாமல் இருந்துவிடுகிறான். முதல் ஆண்டில் ஒரு பேச்சாக முடிந்திருக்கக்கூடிய விஷயம், கடைசி ஆண்டில் வீட்டையே கலக்கும் விபரீதமாக வந்து நிற்கிறது.

சேருமுன் யோசித்திருக்க வேண்டும் என்கிறீர்கள். யார் யோசித்திருக்க வேண்டும், எந்த வயதில், எதைக் கொண்டு? தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது முதல், பத்தாம் வகுப்பு முடித்த பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை கணிதமும் விஞ்ஞானமும் சேர்ந்த குரூப்பா, வணிகவியலா, தொழிற்பிரிவா என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். தேர்ந்தெடுப்பது என்பதும் உபசார வார்த்தைதான், மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பள்ளிக்கூடம் கொடுக்கிற குரூப்பைப் பிள்ளை வாங்கிக்கொள்கிறது. இரண்டாண்டு கழித்து, கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50 என்று கூட்டி 200-க்கு ஒரு கட்-ஆஃப் எண்ணை அதன் நெற்றியில் எழுதி, அந்த எண்ணின் வரிசைப்படி கலந்தாய்வில், மீதியிருக்கிற கல்லூரிகளில் மீதியிருக்கிற பிரிவுகளைக் காட்டுகிறார்கள். ஒரு காலத்தில் மெக்கானிகலும் சிவிலும் என்றார்கள், பிறகு எலெக்ட்ரானிக்ஸ் என்றார்கள், கம்ப்யூட்டர் என்றார்கள், இப்போது செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். அடுத்த தெருவில் யாருடைய மகனுக்கு எந்த ஊரில் என்ன சம்பளம் என்ற செய்தியே இத்தனை மாற்றங்களுக்கும் மூல காரணம். இப்படிச் சில பரீட்சைகளின் கூட்டுத்தொகையும் ஒரு தெருவின் கேள்வி ஞானமும் சேர்ந்து செய்த நிர்ணயத்தை, அக்கினி சாட்சியாகச் செய்த விவாகம் போல மதிக்க வேண்டும் என்று சொல்வதற்கு நம்மிடம் என்ன பிரமாணம் இருக்கிறது?

அமெரிக்கக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் மாணவன் தன் பிரதான பாடம் இன்னதென்று இரண்டாம் ஆண்டின் முடிவுக்குள் சொன்னால் போதும். ஸ்காட்லாந்தின் நான்காண்டுப் பட்டப்படிப்பில் முதல் இரண்டாண்டு பல பாடங்களைப் பயின்றுவிட்டுப் பிறகு ஒன்றில் ஆழ்கிறார்கள். அவை செல்வ நாடுகள், நமக்கு அந்தச் சொகுசு கட்டாது என்பார்கள். பதினேழு வயதில் ஒருவனுக்குத் தன்னை முழுவதும் தெரிந்திராது என்று ஒப்புக்கொள்வதற்குப் பணம் எதற்கு?

உண்மையில் இந்தப் பாடத்தை அயலூரிலிருந்து கற்க வேண்டிய அவசியமே காஞ்சிக்கு இல்லை. கடிகை என்னும் வித்தியாசாலை இருந்த ஊர் இது. நியாய சாஸ்திரம் தன் பதினாறு பதார்த்தங்களில் பிரமாணம், பிரமேயம் இரண்டுக்கும் அடுத்தபடியாக சம்சயத்தை, அதாவது ஐயத்தை, வைக்கிறது. மீமாம்சையில் அதிகரணம் எனப்படும் ஒவ்வொரு விவாதப் பகுதியும் விஷயத்தைச் சொன்னவுடன் சம்சயத்தை எழுப்பி, எதிர்க்கட்சியைக் கேட்ட பிறகே சித்தாந்தத்துக்குப் போகிறது. ஐயம் எழாத இடத்தில் ஆராய்ச்சிக்கே இடமில்லை என்று வைத்த சாஸ்திரங்களை நூற்றாண்டுக்கணக்கில் ஓதிய வீதிகளில், ஐயுற்ற பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்துகிறார்களே என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

அந்தக் கடிகைக்கு நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்ற மாணவன் தன் குரு வீரசர்மரோடு வேதக் கல்வியை முற்றக் கற்க வந்தான் என்று கர்நாடகத்துத் தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. பல்லவர்களின் குதிரை வீரன் ஒருவனோடு ஏற்பட்ட சச்சரவில் அவமானப்பட்ட அவன், கற்ற வித்தை அரச பலத்தின் முன் இத்தனை எளியதாகிவிடுமா என்று மனம் கசந்து, தர்ப்பையைப் பிடித்த கையில் வாளைப் பிடித்தான். எல்லைக் காவலரை வென்று, ஸ்ரீபர்வதம் வரையிலான காட்டைத் தன்வசமாக்கி, கடைசியில் பல்லவர்களே அங்கீகரிக்கும்படி கதம்ப வம்சத்தை ஸ்தாபித்தான். காஞ்சியில் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்களில் பேர் தெரிந்தவர்களுக்குள் மூத்தவன் இவனாகத்தான் இருக்கும். ஆத்திரத்தில் எடுத்த முடிவு என்று சொல்லிவிடலாம். ஆத்திரம் ஒரு நாளுக்குக் காணும், ராஜ்யம் கட்டுவதற்குக் காணாது.

அவனைவிட எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிற சாட்சி ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர். காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றவர், ஆசாரியர் சொல்லும் அர்த்தம் தம் மனத்துக்கு ஒவ்வாதபோது, பாடம் நடக்கும் வேளையிலேயே ஐயத்தை வெளியிட்டார் என்றும், அதனால் குருவுக்கும் சீடருக்கும் இடையே விரிசல் விழுந்து அவர் வெளியேற நேர்ந்தது என்றும் வைணவ குருபரம்பரை சொல்கிறது. வெளியேறிய மறுநாளே அவர் ஜகதாசாரியராகிவிடவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். திருக்கச்சி நம்பி சொன்னபடி, வரதராஜப் பெருமாளுக்குச் சாலைக் கிணற்றிலிருந்து தினமும் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். ஒரு படிப்பை விட்டுவிட்டு, அடுத்தது இன்னதென்று நிச்சயமாகாமல், கையில் அகப்பட்ட நேர்மையான வேலையைச் செய்துகொண்டிருந்த அந்த இடைக்காலத்தை நம் பெரியவர்கள் உபந்நியாசத்தில் கேட்டுக் கண் கலங்குகிறார்கள். தங்கள் பேரன் அப்படி ஆறு மாதம் இருந்தால் மட்டும் ஊருக்கு முகம் காட்டக் கூசுகிறார்கள்.

உடனே ஓர் ஆட்சேபம் வரும்: மன்னரையும் மகானையும் சொல்லாதே, சாமானியரைச் சொல் என்று. ஆகட்டும், ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளையைச் சொல்கிறேன். பிற்பாடு அவரும் சாமானியராக இல்லாமற் போனதற்கு நான் பொறுப்பாளியல்ல. 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று இவ்வூரில் பிறந்து சித்தி ராஜாமணி அம்மையாரிடம் வளர்ந்த அண்ணாதுரை, வீட்டு நெருக்கடியால் படிப்பை நிறுத்திக் காஞ்சி நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். மறுபடி படிக்கப் போனார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் பயின்று 1934-இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகச் சிறிது காலம் இருந்து அந்த உத்தியோகத்தையும் விட்டார். பத்திரிகைக்குப் போனார், நாடகம் எழுதினார், 1942-இல் காஞ்சியிலிருந்தே திராவிட நாடு வார இதழைத் தொடங்கினார், 1967-இல் முதலமைச்சரானார். அவர் பட்டத்தை முடித்தாரே என்று என் எதிர்க்கட்சியார் துள்ளுவார்கள். முடித்தார், வாஸ்தவம், அவரை நான் கூப்பிட்டது படிப்பை விடுவதற்குச் சாட்சியாக அல்ல. நடுவில் நின்றுபோன படிப்பு செத்துப்போன படிப்பாகிவிடாது என்பதற்கும், ஒரு பாடத்தை முடித்தவன் அந்தப் பாடம் காட்டிய வாசல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை என்பதற்கும் அவர் சாட்சி. பொருளாதாரம் படித்தவர் வங்கிக்குத்தான் போக வேண்டும் என்று அன்று ஒரு திண்ணைப் பெரியவர் அவரைப் பிடித்து வைத்திருந்தால், நஷ்டம் யாருக்கு?

வருஷம் வீணாகிவிடும் என்ற புலம்பலையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பரோடாவில் பௌதிகம் படித்து, 1976-இல் அமெரிக்காவில் பௌதிகத்திலேயே டாக்டர் பட்டமும் வாங்கிய பிறகு, தமக்கு மனம் அதில் இல்லை என்று கண்டு, கலிபோர்னியாவில் உயிரியல் வகுப்புகளில் மறுபடியும் மாணவராகப் போய் உட்கார்ந்தார். டாக்டர் பட்டத்துக்கு மேல் இரண்டாண்டு! நம் வீடாக இருந்தால் ஜோதிடரிடம் ஓடியிருப்போம். பௌதிகத்தில் தேறி உயிரியலுக்கு மாறிய அவருக்கு 2009-இல் கிடைத்த நோபல் பரிசு ரசாயனத்துக்கானது. பாடங்களுக்கு நடுவே நாம் எழுப்பியிருக்கும் மதில்களை இயற்கை அவ்வளவாக மதிப்பதில்லை போலும்.

இனி, எதிர்க்கட்சியின் வாதங்களில் எதை நான் உண்மையாகவே மதிக்கிறேனோ அதற்கு வருகிறேன். அது பணத்தைப் பற்றியது. குழித்தறியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு முப்பது வருஷம் உட்கார்ந்து, முதுகும் கண்ணும் கெட்டு, தன் பிள்ளை மட்டும் இந்தக் குழியில் இறங்கக் கூடாது என்ற ஒரே சங்கல்பத்தோடு கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருக்கும் தகப்பனிடம் போய், எனக்கு இந்தப் படிப்பில் மனம் ஒட்டவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தச் சொல் அவர் காதில் எப்படி விழும் என்பது எனக்குத் தெரியாமலில்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கப் போகிற பிள்ளை அது. தங்கைகளின் கல்யாணமும் அதன் பட்டத்தில் தொங்குகிறது. இப்படிப்பட்ட வீட்டில் ஐயம் என்பது வசதியுள்ளவர்களின் விளையாட்டாகத் தோன்றுவது சகஜமே.

ஆனால் இதே ஊரின் வேறொரு கணக்கையும் நாம் மறந்துவிடலாகாது. முதலாளியிடம் பெற்றோர் முன்பணம் வாங்கியதனால், அந்தக் கடன் தீரும்வரை அவர் தறியை விட்டு வேறு தறிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போக முடியாமல், பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இழை எடுத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் காஞ்சியில் இருந்தார்கள். 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் வெகுகாலம் இருந்தார்கள். பணம் கொடுத்தாகிவிட்டது, ஆகவே நீ எழுந்திருக்கக் கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் சாரம். அதை அநியாயம் என்று உணர்ந்து அந்தப் பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பிய சமூகம், பள்ளியும் கல்லூரியும் வந்த பிறகு அதே வாக்கியத்தை அன்பின் பெயரால் சொல்லலாமா? தகப்பன் முதலாளியல்ல, அவர் வாங்கிய கடன் பிள்ளைக்காகவே வாங்கியது என்ற பெரிய வித்தியாசத்தை நான் மறுக்கவில்லை. உட்கார்ந்திருக்கிறவனின் முதுகுக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு தூரம் தெரியும் என்றுதான் கேட்கிறேன். தவிரவும், பணத்தையே அளவுகோலாக வைத்தாலும் கணக்கு எதிர்க்கட்சிக்குச் சாதகமாக வரவில்லை. போன கட்டணம் போனதே. இனிக் கட்டப்போகிற மூன்றாண்டுக் கட்டணம் மட்டுமே இன்னும் நம் கையில் இருக்கிற பணம். பிடிக்காத பொறியியலை முடித்துவிட்டு, ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் போய், டிப்ளமா படித்தவரோடு ஒப்பந்தக் கூலியில் ஒரே வரிசையில் நிற்கிற பட்டதாரிகளைக் காஞ்சியில் தேடிப்போக வேண்டியதில்லை. விடியற்காலையில் பஸ் நிற்கும் மூலைகளில் பார்க்கலாம். அந்த வேலையில் இழுக்கு ஒன்றுமில்லை. அதற்கு நான்காண்டும் ஒரு கடனும் தேவைப்பட்டனவா என்பதே விசாரிக்க வேண்டியது.

ஒரு சீட்டு வீணாகிறதே என்ற வாதமும் உண்டு. மருத்துவக் கல்லூரியில் அதற்கு நியாயம் இருக்கிறது. பாதியில் விட்ட இடம் அந்தத் தொகுதியில் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். பொறியியலில் ஆண்டுதோறும் பல்லாயிரம் இடங்கள் சேர ஆளின்றி நிற்கும் மாநிலத்தில் அதைச் சொல்வது விநோதம்.

இதுவரை ஒரு பக்கத்தை மறுத்தேன். மறுபக்கத்தாரும் என்னிடம் தப்பக் கூடாது. மனம் சொல்கிற வழியே போ, பிடிக்காததை உதறு என்று மேடைதோறும் பேசுகிறவர்கள், யோசிக்காதே என்ற பெரியவர்களின் எதிரிகள் போலத் தோன்றினாலும் அவர்களுடைய இரட்டைப் பிள்ளைகளே. இருவருமே பிள்ளையை ஆராய்ச்சி செய்ய விடுவதில்லை. முதல் ஆண்டில் எழும் ஐயங்கள் எல்லாம் ஒரே ஜாதியல்ல. பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்துவிட்டு, ஒரே நாளில் ஆங்கிலப் பிரசங்கத்தின் நடுவே போய் உட்கார்ந்து, வகுப்பில் எழுந்து கேட்கவும் நாவெழாமல், முதல் பருவத்திலேயே இரண்டு அரியர் வைத்துவிட்ட பெண், எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் பிடிக்கவில்லை என்று சொல்லும்போது, அவளுக்குப் பிடிக்காதது எலெக்ட்ரானிக்ஸ்தானா என்பது நிச்சயமில்லை. அதே பாடத்தைத் தமிழில் ஒருவர் உட்கார்ந்து விளக்கினால் ஐயம் ஒரு மாதத்தில் கரைந்துபோகக்கூடும். ஊர் ஏக்கம், விடுதிச் சோறு, ஒரு வாத்தியாரின் கடுஞ்சொல் ஆகியவையும் பாடத்தின் மேல் வெறுப்பாக வேஷம் போட்டுக்கொண்டு வரும். இவற்றுக்கு மாறாக, மதிப்பெண் நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே, இந்த வேலையைச் செய்கிறவர்களை நேரில் பார்த்த பிறகே எழுகிற ஐயம் ஒன்று உண்டு. தணிக்கையாளரின் அலுவலகத்தில் ஒரு மாதம் இருந்து பார்த்த வணிகவியல் மாணவனுக்கும், ஆஸ்பத்திரி வாசனையைத் தாங்க முடியாமற்போன நர்ஸிங் மாணவிக்கும் வருகிற அந்த ஐயம் மிகவும் கனமானது. அதை அரியர் ஐயத்தோடு சேர்த்து ஒரே அதட்டலில் தீர்ப்பது மூடத்தனம். எது எந்த வகை என்று பிரித்தறிய ஒரே உபாயம், பேச விடுவது.

பிரித்தறிந்த பிறகும் உதறுவது ஒன்றுதான் வழி என்பதில்லை. ஒரே சமயத்தில் இரண்டு பட்டப்படிப்புகளைப் பயில 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதி கொடுத்திருக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதல் இருக்கிறது. இளங்கலையில் ஒன்றைப் படித்து முதுகலையில் வேறொன்றுக்குத் திரும்பியவர்கள் நம் கல்லூரி ஆசிரியர்களிலேயே ஏராளம். விட்டே தீர வேண்டும் என்றால், அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று அதே குழு 2018-இல் அறிவித்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். அறிவித்த பின்னும் அவற்றை அலமாரியில் பூட்டிக்கொண்டு மீதி ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்கும் நிர்வாகங்கள் இருக்கின்றன என்பதால், பிள்ளையைத் தனியே அனுப்பாமல் தகப்பனாரும் கூடப் போவது உசிதம். முதல் ஆண்டு முடிவில் பிரிவு மாற்றிக்கொள்ள இடம் கொடுக்கிற பெரிய நிறுவனங்களும் உண்டு. அங்கேயும் அந்த வாய்ப்பு மதிப்பெண்ணில் முதலில் நிற்பவனுக்கே. தன் பாடத்தில் ஒன்றாமல் தவிக்கிறவன் அந்தப் பாடத்திலேயே முதலில் வந்து காட்டினால்தான் அதிலிருந்து விடுதலை என்று விதி வகுத்தவர்களின் தர்க்க ஞானத்தை எந்த நியாய சாஸ்திரத்தில் சேர்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

தமிழ்நாட்டில் பதினெட்டு முதல் இருபத்துமூன்று வயதுக்குட்பட்டவர்களின் தொகையோடு ஒப்பிட்டால், 2021-22-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உயர்கல்வியில் இருப்போர் நூற்றுக்கு 47 பேர். ஆகவே இது நாலைந்து மேதைகளின் சங்கடமன்று, ஏறக்குறைய இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டின் சங்கடம். வைகாசிப் பிரம்மோத்சவத்தில் வரதர் கருடசேவைக்கு, வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் பருவ விடுமுறையில் ஊருக்கு வந்திருப்பார்கள். முதல் ஆண்டை முடித்து வந்திருக்கும் மகனிடமோ மகளிடமோ மதிப்பெண் எத்தனை என்ற கேள்வியை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, எந்த வகுப்புக்குத் தானாகவே முன்கூட்டிப் போகத் தோன்றுகிறது, எந்த வகுப்பில் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றுகிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் முடியும் வரையில் உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லாமல் இருங்கள். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்ட இன்னும் சில வாரங்கள் இருக்கும்.